வீட்டை இடிக்கிற அலையிலிருந்து குடிதண்ணீர் எடுத்துத் தாருங்கள்

கடலோர ஊர்களுக்குக் குடிநீர்த் திட்டம் தீட்டுகிற அதிகாரிகளுக்கும், கடல் ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்கிற பெரியவர்களுக்கும்,

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் எங்கள் ஊர் ஒரு தீர்மானம் போட்டது. அலையின் விசையால் ஓடுகிற, கடல்நீரைக் குடிநீராக்கும் சின்ன நிலையம் ஒன்றை எங்கள் கரையில் சோதனைக்காவது அமைத்துத் தர வேண்டும் என்று கேட்டிருந்தோம். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்தத் தொழில்நுட்பம் நிரூபிக்கப்படாதது என்றும், எங்கள் ஊர் ஏற்கெனவே கூட்டுக்குடிநீர்த் திட்டத்தில் இருப்பதால் பரிசீலிக்க முடியாது என்றும் மூன்று வரியில் எழுதியிருந்தது. அதை ஊர் நூலகத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று படிக்கிறேன்.

பணம் இல்லை என்று எழுதியிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். வரிசையில் நில்லுங்கள் என்றிருந்தால் நின்றிருப்போம், எங்களுக்கு அது பழக்கம்தான். ஆனால் 'நிரூபிக்கப்படாதது' என்று எழுதியதை என்னால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் அதை நிரூபித்தது உங்கள் ஆட்கள்தான், எங்கள் கரையிலிருந்து கடல் வழியே 40 கிலோமீட்டர்கூட வராத இடத்தில். நிரூபித்ததன் முதல் பாதியைச் சின்னப் பையனாக நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் குமரி மாவட்டத்துக்காரன். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பாவும் தாத்தாவும் கட்டுமரம் வலித்தவர்கள், நான் வள்ளத்து எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறேன், இருபத்தைந்து வருஷமாக. விஞ்ஞானி இல்லை. ஆனால் உப்புத்தண்ணீர் இரும்பை என்ன செய்யும், ரப்பர் சீலை என்ன செய்யும், பித்தளையை என்ன செய்யும் என்பது கைக்குத் தெரியும்.

முதலில் எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் கரையில் ஊற்று தோண்டித்தான் குடிநீர் எடுப்பார்கள். தாழைப் புதருக்கு இந்தப் பக்கம், மேட்டு மணலில், ஒன்றரை முழம் கையால் தோண்டினால் அடியில் தண்ணீர் கசிந்து நிற்கும். அம்மா குழிக்குள் ஒருக்களித்து உட்கார்ந்து சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்றுவாள். சிரட்டையைச் சாய்த்துப் பிடித்து மேலாகத்தான் கோர வேண்டும், அவசரப்பட்டு ஆழத்தில் விட்டால் குடமே உப்பாகிவிடும். நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம், மழை தந்தது மேலே மிதக்கும், கடல் தந்தது கீழே கிடக்கும் என்று பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு ஐ.டி.ஐ.யில் அடர்த்தி என்று பாடம் நடத்தியபோது நான் அந்தக் குழியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த மேட்டு மணல் இப்போது இல்லை. தாழையும் இல்லை. பாதியைக் கடல் தின்றது, மீதியில் வீடு கட்டிக்கொண்டோம், வீட்டுக்கு வீடு ஆழ்குழாய் போட்டு மேலே மிதந்த நல்ல தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிட்டோம், அதில் எங்கள் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. 2004 சுனாமியில் கிணறுகளுக்குள் கடல் வந்து போனது. அதற்குப் பிறகு இறைத்துக் கொட்டியும் சில கிணறுகள் தேறவே இல்லை. இன்றைக்கு எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, டீ போட்டால் பால் திரிந்துவிடும்.

குமரியில் வருஷத்துக்கு இரண்டு பருவமழை பெய்கிறதே, பேச்சிப்பாறை அணை இருக்கிறதே, உங்களுக்கு என்ன தண்ணீர்ப் பஞ்சம் என்று கேட்பீர்கள். உள்ளூர் அதிகாரிகளே கேட்டிருக்கிறார்கள். மழை பெய்வது மலையிலும் வயலிலும். அங்கிருந்து குழாயில் புறப்படுகிற தண்ணீர் வழியில் எத்தனையோ ஊரைத் தாண்டி, கடைசியில் கடலைத் தொடும் முனையில் இருக்கிற எங்களுக்கு வர வேண்டும். குழாயின் வால் நாங்கள். பங்குனி, சித்திரையில் ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் வரும். என் மனைவி குழாயடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள், குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்வாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று திட்டத்தில் எழுதியிருப்பது எனக்கும் தெரியும். குடிக்கவும் கஞ்சி வைக்கவும் நாங்கள் கேன் வாங்குகிறோம். 20 லிட்டர் 35 ரூபாய், தினம் ஒன்று, மாசம் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஆனி, ஆடியில் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற மாசத்திலும் அந்த ஆயிரம் போயே தீரும்.

அந்த ஆனி, ஆடிதான் என் பேச்சின் மையம். மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன், தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் எங்கள் கடல் அடங்கவே அடங்காது. ராத்திரி பாயில் படுத்தால் தரை அதிர்வது முதுகில் தெரியும். போன தலைமுறையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று வரிசை வீடு இருந்தது, இப்போது எங்கள் வீடுதான் முன்வரிசை. காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் வரும், எங்கோ தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கிளம்பிய புயலின் அலை சத்தமில்லாமல் வந்து கரையேறும். 2024 மே மாதம் எங்கள் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட கடல்தான். அந்தப் பிள்ளைகளுக்கு அலையைப் பற்றி என்ன தெரியும், வெயிலில் கால் நனைக்க வந்தவர்கள்.

இவ்வளவு விசை ராப்பகலாகக் கரையில் வந்து மோதி வீணாகிறது. இதைப் பிடித்து வேலை வாங்க முடியுமா என்ற கேள்விக்கு 1991-லேயே பக்கத்துக் கேரளத்து விழிஞ்ஞத்தில் பதில் சொல்லியாகிவிட்டது.

சென்னை ஐ.ஐ.டி.காரர்கள் கட்டியது அது. 1983-ல் இதற்காகவே ஒரு குழு அமைத்து, மத்திய அரசின் பணத்தில், விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே பெரிய கான்கிரீட் கூண்டு ஒன்றைக் கடலடியில் உட்கார வைத்தார்கள். 150 கிலோவாட் திறன். எனக்கு அப்போது பத்து, பதினொரு வயசு. அப்பாவோடு விழிஞ்ஞத்துக்குப் போனபோது தூரத்திலிருந்து பார்த்தேன். பார்த்ததைவிடக் கேட்டது நினைவிருக்கிறது, பெரிய மிருகம் மூச்சு இழுத்து விடுகிற மாதிரி ஒரு சத்தம். அப்பா சொன்னார், "நம்ம ஊர்ப் பாறை மாதிரிதாண்டா, இதைக் கட்டி வச்சிருக்காங்க."

அப்பா சொன்ன பாறை எங்கள் ஊரின் மேற்கு ஓரத்தில் இன்னும் இருக்கிறது. அடியில் குகை மாதிரி ஓட்டை, மேலே ஒரு சாண் அகலத்தில் பிளவு. அலை உள்ளே புகும்போது மேல் பிளவு வழியாகக் காற்று பீறிட்டுக் கிளம்பும், நாங்கள் துண்டைப் போட்டால் ஆள் உயரத்துக்குத் தூக்கி எறியும். அலை இறங்கும்போது அதே பிளவு காற்றை உள்ளே இழுக்கும், துண்டு ஒட்டிக்கொள்ளும். விழிஞ்ஞத்துக் கூண்டும் இதேதான். அடியில் திறந்த கான்கிரீட் அறை, மேலே பிளவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விசைச்சக்கரம். காற்று வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் ஒரே திசையில் சுற்றுகிற சக்கரம் அது, ஆலன் வெல்ஸ் என்கிற பேராசிரியர் கண்டுபிடித்தது, அதனால் வெல்ஸ் டர்பைன் என்றே பெயர். கடலுக்குள் சுழல்கிற பாகம் எதுவும் கிடையாது, சக்கரம் தண்ணீரைத் தொடுவதே இல்லை, காற்றில்தான் சுற்றுகிறது. எஞ்சின் வேலை பார்க்கிறவனாக அந்த ஏற்பாட்டை இன்றைக்கும் வியக்கிறேன்.

அப்புறம் 2004-ல், பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்காரர்கள் அதே நிலையத்து மின்சாரத்தை வைத்து ஆர்.ஓ. முறையில், அதாவது கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரித்து, நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்கும் அமைப்பை ஓட்டிக் காட்டினார்கள். உலகத்தில் வெகு சிலரே முயன்ற காரியம். அலை கூடும், குறையும், மின்சாரம் அதற்கேற்பத் துள்ளும். அந்தத் துள்ளலை பேட்டரி வைத்துச் சமாளித்து, வடிகட்டிச் சவ்வுக்குச் சீரான அழுத்தம் கொடுத்தார்கள். பிறகு என்ன? கட்டுரைகள் வந்தன. நிலையம் நின்றது. அதே விழிஞ்ஞத்தில் இன்று உலகத்துப் பெரிய கப்பல்கள் எல்லாம் வந்து போகிற துறைமுகம் வந்துவிட்டது. அலையில் எடுத்த தண்ணீரைப் பற்றி இன்றைக்கு யாரும் பேசுவதில்லை.

ஐயா, அம்மா, செய்ய முடியாமல் விட்டிருந்தால் பரவாயில்லை. செய்து காட்டிவிட்டு விட்டீர்கள். இருபது வருஷம் கழித்து, பக்கத்து ஊர்க்காரன் கேட்டால் நிரூபிக்கப்படாதது என்கிறீர்கள்.

கடலிலிருந்து தண்ணீர் எடுப்பதை நீங்கள் அறியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. லட்சத்தீவில் கவரத்தியில் 2005-லிருந்து, மினிக்காய், அகத்தியில் 2011-லிருந்து, ஆழ்கடலின் குளிர்ந்த நீரையும் மேல்மட்டத்துச் சூடான நீரையும் வைத்து ஆவியாக்கி, தீவுக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் கொடுத்தீர்கள். கை கூப்புகிறேன். ஆனால் அந்த முறைக்குக் கரையை ஒட்டியே ஆழம் வேண்டும். எங்கள் கடலோ வெகுதூரம் ஆழம் குறைந்த திட்டு. அதனால்தான் இங்கே மீன் வளம், அதனால்தான் அந்த முறை இங்கே சரிப்படாது. சென்னைக்கு மீஞ்சூரில் 2010 முதலும் நெம்மேலியில் 2013 முதலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் எடுக்கிற நிலையங்கள் இருக்கின்றன. அவ்வளவு பெரிசு எங்களுக்கு வேண்டாம், அதற்கு வேண்டிய மின்சாரத்துக்கும் வழியில்லை. எங்களிடம் இருப்பது அலை. அதற்குப் பொருந்துகிற தொழில்நுட்பத்தைத்தான் கேட்கிறோம்.

கணக்கு சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைச் சவ்வு வழியாகத் தள்ளி நல்ல தண்ணீரைப் பிழிய 55, 60 பார் அழுத்தம் வேண்டும், கார் டயரில் இருப்பதைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்துக்குத்தான் இவ்வளவு மின்சாரமும் செலவாகிறது. பெரிய நிலையங்கள் வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தை மீட்டெடுத்து ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட்டில் முடித்துவிடுகின்றன. அந்த வசதி இல்லாத சின்ன நிலையத்துக்கு 10 யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10,000 லிட்டருக்கு 100 யூனிட், அதாவது 24 மணி நேரமும் சராசரியாக 4 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். இந்தியக் கரையோரம் அலையில் மீட்டருக்கு 5 முதல் 10 கிலோவாட் வரை சக்தி இருப்பதாக உங்கள் விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள். எங்கள் தென்மேற்கு மூலையில் அதைவிடக் கூடுதல், குறையாது. பத்து மீட்டர் அகலத்தில் ஓர் அறை கட்டினால் அதன் முன்னே வந்து போகிற சக்தியில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தாலே நம் தேவைக்கு மேல் கிடைக்கும். 10,000 லிட்டர் கொஞ்சம்தானே என்பீர்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால் ஆயிரம் பேர். ஆயிரம் பேர் எங்கள் ஊரில் பாதி. குளிக்க, துவைக்கக் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் போதும், அதைப் பற்றி நாங்கள் குறை சொல்லவே மாட்டோம்.

மின்சாரமே வேண்டாம் என்கிற வழியும் இருக்கிறது. மிதவையை அலை தூக்கி இறக்க, அந்த அசைவே ஒரு பம்பை இயக்கி, கடல்நீரை நேராகச் சவ்வுக்குள் அழுத்தும். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தினர் 1980-களிலேயே டெல்பாய் என்ற பெயரில் இப்படி ஒன்றைச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் பக்கத்தில் கார்டன் தீவுக் கடற்படைத் தளத்தில் கடலுக்குள் முழுகிய மிதவைகளால் மின்சாரமும் நன்னீரும் எடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை 2019-ல் இதற்கென்றே ஒரு போட்டி அறிவித்து, 2022-ல் வட கரோலினாக் கடற்கரையில் இறுதிச் சுற்று நடத்தியது, கனடாவின் ஒனேகா நிறுவனம் பரிசை வாங்கியது. உலகம் இதை மூடிவைக்கவில்லை.

தோற்றவர்களும் உண்டு. அலையில் மின்சாரம் எடுத்த ஸ்காட்லாந்தின் பெலாமிஸ் நிறுவனம் 2014-ல் பணமில்லாமல் மூடியது. கடல் எந்த இயந்திரத்தையும் சும்மா விடாது, பாசி, சிப்பி, துரு, புயல் எல்லாம் வரும். எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஸ்பெயினில் முத்ரிகு என்று பாஸ்க் கரையில் ஒரு சின்னத் துறைமுகம், அங்கே துறைமுகத்துக்கு எப்படியும் கட்ட வேண்டிய அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே அறைகளை வைத்துக் கட்டிவிட்டார்கள். 16 டர்பைன், கிட்டத்தட்ட 300 கிலோவாட், 2011-லிருந்து. கட்டும்போதே புயல் வந்து சுவரை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் எங்கள் கரையில் வருஷா வருஷம் நீங்கள் கல் கொட்டுகிறீர்கள். கடலுக்குள் நீட்டிக் கட்டுகிற தூண்டில் வளைவு, கடலரிப்புத் தடுப்புச் சுவர், துறைமுகத்து முகத்துவாரத்தில் டெட்ராபாட் என்கிற நாலு கால் கான்கிரீட் கட்டி. லாரி லாரியாக மலையை உடைத்துக் கொண்டுவந்து போடுகிறீர்கள், இரண்டு ஆடி கழிந்தால் பாதி கல் மணலுக்குள் இறங்கிவிடுகிறது, மறுபடி டெண்டர். அந்தச் செலவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தக் கல் இல்லாவிட்டால் என் வீடு இன்றைக்கு இல்லை. கேட்பது இவ்வளவுதான், அடுத்த தூண்டில் வளைவைக் கட்டும்போது அதன் கடல் பக்க முனையில் ஓர் அறையையும் சேர்த்துக் கட்டுங்கள். கல்லுக்கு ஆகிற பணம் எப்படியும் ஆகத்தான் போகிறது.

தையிலும் மாசியிலும் கடல் சாந்தமாக இருக்குமே, அப்போது என்ன செய்வீர்கள் என்று ஒரு பொறியாளர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அந்த மாசங்களில்தான் எங்களுக்கு வெயில் கொளுத்துகிறது. ஆனி, ஆடியில் வானம் மூடிக் கிடக்கும், அலை நிற்காது. மாசியில் அலை குறையும், வெயில் நிற்காது. கூரையில் சோலார் தகடு போட்டு இரண்டையும் ஒரே பேட்டரியில் சேர்த்தால் ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பும். உப்பு மிஞ்சிய தண்ணீரைக் கடலில் விடுவது பற்றியும் கேட்டார். மூன்றில் ஒரு பங்கு நல்ல தண்ணீராக எடுத்தால் மீதி ஒன்றரை மடங்கு உப்போடு வெளியேறும், இருபதாயிரம் லிட்டர், இரண்டு லாரித் தண்ணீர், அடிக்கிற அலையில் கலந்து கரைந்துவிடும். ஆனால் பாறைக் குளங்களில் விடக் கூடாது, அங்கேதான் சிங்கி இறால் குஞ்சும் சிப்பியும் இருக்கின்றன. இடத்தை எங்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இனி கொஞ்சம் கோபமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு ஆர்.ஓ. நிலையம் ஏற்கெனவே உண்டு. உவர்ந்த கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய வைத்தது. எந்தத் திட்டம், எந்த ஒப்பந்ததாரர் என்று பெயர் சொல்லி யாரையும் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. ரிப்பன் வெட்டினார்கள், ஐந்து ரூபாய் காசு போட்டால் ஒரு குடம் வரும், பதினான்கு மாதம் நன்றாக ஓடியது. அந்தப் பதினான்கு மாதம் என் மனைவி ராத்திரி முழுக்கத் தூங்கினாள். ஒரு நாள் சத்தம் மாறியது. நான் வெளியே நின்றே கேட்டுச் சொன்னேன், உயர் அழுத்த பம்பில் சீல் போயிருக்கிறது, காற்று இழுக்கிறது, உடனே நிறுத்துங்கள் என்று. பூட்டுச் சாவி ஒப்பந்ததாரரிடம். அவர் வர ஆறு வாரம். அதுவரை யாரோ ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பம்பு உள்ளே அரித்துவிட்டது, சவ்வு காய்ந்துவிட்டது. புதிய பம்பு வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள், மதிப்பீடு தயாராகிறது என்றார்கள், மின் கட்டணப் பாக்கி ஏறியது, இணைப்பைத் துண்டித்தார்கள். இப்போது அந்த அறைக்குள் வலை வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அந்தப் பம்பைக் கழற்றிப் பார்த்தேன். சீல் என் உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் வளையம், கூடவே கார்பன் முகம், ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதே அளவு சீல் எங்கள் கடைத்தெருவில் கிடைக்கிறது, சில நூறு ரூபாய். இரண்டு மணி நேர வேலை. என்னை விட்டிருந்தால் அன்று சாயங்காலமே ஓட்டியிருப்பேன். எங்கள் ஊரில் இந்த வேலை தெரிந்தவர்கள் நான் ஒருவன் இல்லை, ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கையில் இருக்கிற ஸ்பேனரை வைத்துக் கரை சேர்க்கிறவர்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நாளைக்கே நீங்கள் மனசு மாறி விழிஞ்ஞத்தில் செய்ததை எங்கள் கரையில் கட்டி, சாவியை எங்கோ இருக்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் போனால், அதுவும் பதினான்கு மாதத்தில் வலை வைக்கிற அறையாகிவிடும். அலைத் தொழில்நுட்பம் தோற்றுவிட்டது என்று அடுத்த பதிலில் எழுதுவீர்கள்.

இன்னொன்றும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் எதைக் கொண்டுவந்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். எங்கள் மாவட்டத்து இனயத்தில் சரக்குப் பெட்டக முனையம் என்றார்கள், ஊரே தெருவுக்கு வந்து தடுத்தது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது எத்தனை பேரைத் தேடி எத்தனை நாள் கரையில் நின்றோம் என்று நாங்கள் மறக்கவில்லை. ஆகவே வரைபடத்தை மேலேயிருந்து இறக்காதீர்கள். மிதவை போட்டால் எந்த வலையில் சிக்கும், கரையில் நின்று கரமடி வலை இழுக்கிற பாடு எது, எந்த வழியாக வள்ளம் இறக்குகிறோம் என்பதை எங்கள் தாத்தாமார் ஒரு மணி நேரத்தில் மணலில் கோடு போட்டுக் காட்டிவிடுவார்கள். ஒருமுறை அப்படி உட்கார்ந்து பேசினால் அந்த இயந்திரத்துக்கு ராத்திரிக் காவலும் ஊரே இருக்கும்.

எங்கள் கோரிக்கைகளை இங்கே தெளிவாக எழுதுகிறேன்.

விழிஞ்ஞம் அலை நிலையத்திலும் 2004 குடிநீர்ச் சோதனையிலும் கிடைத்த எல்லாப் பதிவையும் வெளியிடுங்கள். எத்தனை நாள் ஓடியது, எது எப்போது பழுதானது, எவ்வளவு செலவானது, ஏன் நிறுத்தினீர்கள், எல்லாமே. மக்கள் பணத்தில் செய்த வேலை அது. பழுதான கதைதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

அடுத்ததாக, குமரி மேற்குக் கரையில் இனிமேல் கட்டப்போகிற தூண்டில் வளைவு அல்லது துறைமுகச் சுவர் ஒன்றில், ஒன்றே ஒன்றில், நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்குக் குறையாமல் தருகிற அலை விசைக் குடிநீர் நிலையத்தைச் சேர்த்து வடிவமையுங்கள். ஒரு முழு வருஷத்துக்கு அலையை அளந்து பாருங்கள், பிறகு கட்டுங்கள், அவசரம் இல்லை. ஆனால் எப்போது தொடங்கும் என்று தேதி சொல்லுங்கள். கட்டுவதற்கு ஒதுக்குகிற பணத்தோடு பத்து வருஷப் பராமரிப்புக்கும் சேர்த்து ஒதுக்குங்கள், அது இல்லாமல் அடிக்கல் நாட்ட வராதீர்கள்.

பராமரிப்பை அந்தந்த ஊர் மெக்கானிக்குகளுக்கே கொடுங்கள். விஞ்ஞானிகள் இங்கே மூன்று மாதம் வந்து தங்கி எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், தங்க வீடு நாங்கள் தருகிறோம். இரண்டு செட் சீல், ஒரு மாற்று பம்பு, ஒரு மாற்றுச் சவ்வு எப்போதும் ஊரிலேயே இருக்க வேண்டும். சாவியும் ஊரிலேயே இருக்க வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை முடிவை மாசா மாசம் நிலையத்துச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள்.

இவையெல்லாம் நடக்கிறவரை, கூட்டுக்குடிநீர்க் குழாயின் கடைக்கோடியில் இருக்கிற கடலோர ஊர்களுக்குப் பங்குனி, சித்திரையில் மூன்று நாளுக்கு ஒருமுறையாவது பகலில் தண்ணீர் விடுங்கள். மூடிக் கிடக்கிற எங்கள் ஆர்.ஓ. நிலையத்தைத் திறந்து சரிசெய்ய எங்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். கூலி வேண்டாம், சீல் நான் வாங்கிப் போடுகிறேன், போன பம்புக்கும் சவ்வுக்கும் மட்டும் வழி செய்யுங்கள்.

இதற்குப் பதில் அனுப்பும்போது தமிழில் அனுப்புங்கள், மூன்று வரியில் வேண்டாம். முடியாது என்றால் எதனால் முடியாது என்று கணக்கோடு எழுதுங்கள். அடுத்த கிராம சபை அக்டோபர் 2-ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு, கோயில் முற்றத்துப் பந்தலில். உங்களில் ஒருவர் நேரில் வந்து அந்தப் பதிலை வாசிக்க வேண்டும்.

குளச்சலுக்கு மேற்கேயிருந்து,
ஒரு வள்ளத்து எஞ்சின் மெக்கானிக்